மருந்துக்கு அடங்காத காசநோயும் பெங்களூரின் பங்கும்

(நமது சங்கத்தின் பெங்களூரு கிளை மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற மாதம் கிளைச் செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, “அடுத்த கூட்டத்தில் அரை மணி நேரம் பேசுங்கள். உடம்பு சம்பந்தமாக இருந்தால் மாமிகளும் உட்கார்ந்து கேட்பார்கள்” என்றார். சர்க்கரை வியாதியும் முழங்கால் வலியும் ஏற்கெனவே பேசியாகிவிட்டது. நான் டாக்டர் இல்லை. ரசாயனத்தில் பி.எஸ்ஸி. பட்டம் வாங்கிக்கொண்டு, முப்பத்தைந்து வருஷம் அரசாங்கக் கோப்புகளோடு காலம் தள்ளியவன். ஆகவே வைத்தியம் சொல்லப் போவதில்லை. காசநோய்க்கு, அதிலும் வழக்கமான மருந்துக்கு அடங்காமல் போய்விட்ட காசநோய்க்கு, புதிய மருந்தை எப்படித் தேடுகிறார்கள், அதில் நம் ஊருக்கு என்ன பங்கு என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

தலைப்பைக் கேட்டதும் செயலாளர் கொஞ்சம் தயங்கினார். “ஸார், அது நம்மவாளுக்கு அவ்வளவாக வராதே?” என்றார். வரும், வந்திருக்கிறது. வெளியில் சொல்லாமல் வைத்துக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான். எங்கள் அகத்துப் பெரியவர்கள் க்ஷயம் என்ற வார்த்தையை உரக்கச் சொல்ல மாட்டார்கள். “அந்த வியாதி” என்பார்கள். கணித மேதை ராமானுஜன் 1917-இல் இங்கிலாந்தில் நோய்வாய்ப்பட்டபோது காசநோய் என்று கருதி, மெண்டிப் மலையில் இருந்த சானடோரியத்தில் சேர்த்தார்கள். அதை நடத்தியவர் டாக்டர் சௌரி முத்து. பின்னாளில் 1928-இல் தாம்பரம் சானடோரியத்தை ஆரம்பித்தவரும் அவரே. ராமானுஜனுக்கு வந்தது காசநோயே அல்ல, கல்லீரலைத் தாக்கும் அமீபா நோய் என்று பிற்காலத்தில் வாதிட்டவர்களும் உண்டு. அது எப்படியாகிலும், 33 வயது நிரம்பு முன்பே நாம் அவரை இழந்தோம். அன்றைக்குக் காசநோய்க்கு மருந்தே கிடையாது. நல்ல காற்று, பால், முட்டை, ஓய்வு, பகவத் சங்கல்பம்.

இன்றைக்கு மருந்து இருக்கிறது. ஆனாலும் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 1 கோடியே 8 லட்சம் பேருக்குக் காசநோய் வந்தது. சுமார் 12.5 லட்சம் பேர் இறந்தார்கள். நோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் நம் தேசத்தவர். முக்கியமான மருந்துகளுக்கு அடங்காத வகை சுமார் 4 லட்சம் பேருக்கு.

மருந்து இருக்கும்போது அது ஏன் அடங்காமல் போகிறது? இதைச் சொல்ல என் சொந்தக் குடும்பத்து விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சம்பந்தப்பட்டவளின் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம்.

2009-இல் என் அக்கா பெண்ணுக்கு, அதாவது என் மருமாளுக்கு, வயது இருபத்தைந்து. நிச்சயதார்த்தம் ஆகி, சத்திரத்துக்கு முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. மூன்று வாரமாக இருமல், சாயங்காலமானால் லேசான ஜுரம். டாக்டர் சளியைப் பரிசோதித்து, நுரையீரல் காசநோய் என்றார். பயப்பட வேண்டாம், ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட்டால் பூரணமாகக் குணமாகும் என்றும் சொன்னார். முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, அடுத்த நாலு மாதம் இரண்டு மருந்து. அவளும் ஒழுங்காகச் சாப்பிட்டாள். ஒரே மாதத்தில் இருமல் நின்றது. எடை மூன்று கிலோ ஏறியது. முகூர்த்தம் மூன்றாவது மாதத்தில்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு அக்கா என்னைக் கூப்பிட்டாள். “டேய், நீ சயின்ஸ் படிச்சவன், நீயே சொல்லு. இருமல் போயிடுத்து, உடம்பும் தேறிடுத்து. புக்காத்துக்குப் போய் இந்த மாத்திரையை எல்லார் கண்ணுலயும் படாம எப்படிடா முழுங்குவா? மூத்திரம் வேற சிவப்பாப் போறதுங்கறா. யாராவது பார்த்தா என்ன பதில் சொல்றது?” என்றாள். சிவப்பாகப் போவது ரிஃபாம்பிசின் என்ற மருந்தின் நிறம். அதனால் ஒரு கெடுதலும் இல்லை. நான் அதை மட்டும் விளக்கமாகச் சொன்னேன். பிறகு, “சரி, இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். கல்யாண சந்தடி அடங்கின பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்றேன். டாக்டரைக் கேள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குடும்பத்தில் நாலு பேர் நம்மைப் படித்தவன் என்று கேட்கும்போது, தெரியாது என்று சொல்ல வாய் வருவதில்லை.

மீதி மாத்திரைகள் அக்காவின் பீரோவிலேயே தங்கிவிட்டன.

நான் சொன்னது எவ்வளவு பெரிய தப்பு என்பது சாதாரணப் பெருக்கல் கணக்கில் தெரியும். காசநோய்க் கிருமியை 1882 மார்ச் 24-இல் ராபர்ட் கோக் என்ற ஜெர்மானியர் உலகுக்கு அறிவித்தார். மற்ற கிருமிகளைப்போல அவசரப்படுவதில்லை இது. நம் குடலில் இருக்கும் சாதாரணக் கிருமி இருபது நிமிஷத்தில் இரண்டாகிவிடும். இதற்கு ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். உடம்பைச் சுற்றி மெழுகு பூசினமாதிரி கனத்த சுவர். நோய் முற்றிய நுரையீரலில் ஒரு குழியில் மட்டும் கோடிக்கணக்கில், நூறு கோடி வரைகூட இருக்கும். இத்தனை கிருமிகளில் ஐஸோநியாஸிட் என்ற மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒன்று இயற்கையாகவே இருக்கும். ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படாதது பத்துக் கோடியில் ஒன்று. நாம் மருந்து சாப்பிட்டதால் உண்டானவை அல்ல இவை. முன்கூட்டியே அங்கே இருப்பவை.

ஒரு மருந்தை மட்டும் தனியாகக் கொடுத்தால் சாதுவான கிருமிகள் எல்லாம் செத்து, இந்த அடங்காதது மட்டும் மிஞ்சிப் பெருகும். இரண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால்? இரண்டுக்குமே அடங்காத கிருமி தானாக அமைய வேண்டுமானால் பத்து லட்சத்தைப் பத்துக் கோடியால் பெருக்க வேண்டும். நூறு லட்சம் கோடியில் ஒன்று. மத்திய அரசாங்கத்தின் 2025–26 பட்ஜெட்டே சுமார் ஐம்பது லட்சம் கோடி ரூபாய்தான். அவ்வளவு கிருமிகள் எந்த மனிதனின் நுரையீரலிலும் இடம் கொள்ளாது. கூட்டு மருந்துக்குள்ள பலம் இந்தப் பெருக்கலில்தான் இருக்கிறது.

ஆறு மாதம் எதற்கு? வேகமாகப் பெருகும் கிருமிகள் முதல் இரண்டு மாதத்திலேயே செத்துவிடும். இருமல் நிற்பதும் பசி எடுப்பதும் அதனால்தான். ஆனால் ஒரு பகுதி கிருமிகள் தூங்கினாற்போல் அசையாமல் கிடக்கும். தூங்குகிறதைக் கொல்வது கஷ்டம். அது எப்போதாவது விழிக்கும்போது ரத்தத்தில் மருந்து இருந்தாக வேண்டும். மீதி நாலு மாத மாத்திரை இதற்காகத்தான். பாதியில் நிறுத்தினால் அவை விழித்துக்கொண்டு மறுபடி பெருகும். பிறகு கொஞ்ச நாள் சாப்பிட்டு, கொஞ்ச நாள் விட்டு, ஒரு டாக்டர் ஒரு மருந்தைச் சேர்க்க, இன்னொருவர் இன்னொன்றை எடுக்க, அடங்காத வகையை நாமே பொறுக்கி எடுத்து வளர்த்துவிடுகிறோம். முன்பு அரைகுறையாகச் சாப்பிட்டவர்களால் வளர்ந்த அந்த வகை, இன்றைக்கு மாத்திரையே சாப்பிட்டிராத ஒருவருக்குக் காற்றின் வழியாக நேராகத் தொற்றிவிடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்தப் பாடம் புதியதும் அல்ல. 1943-இல் அமெரிக்காவில் ஆல்பர்ட் ஷாட்ஸும் ஸெல்மன் வாக்ஸ்மனும் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினை எடுத்தார்கள். 1948-இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் வெளியிட்ட ஆய்விலேயே, ஆரம்பத்தில் அற்புதமாகத் தேறிய பலருக்குச் சில மாதங்களில் கிருமி அந்த மருந்துக்கு அடங்காமல் போனது தெரிந்துவிட்டது. 1952-இல் ஐஸோநியாஸிட் வந்தது. அதில் ஒரு வேடிக்கை. அந்தப் பொருளை 1912-லேயே பிராக் நகரில் இரண்டு ரசாயன ஆய்வாளர்கள் தங்கள் ஆராய்ச்சிக்காகத் தயாரித்து, குறித்து, மறந்துபோயிருந்தார்கள். நாற்பது வருஷம் அது ஒரு புத்தகத்தில் சும்மா கிடந்தது. ரசாயனம் படித்தவன் என்ற முறையில் இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

நம்மூர்க் கதைக்கு வருகிறேன். வெளியூர் உறுப்பினர்கள் பெங்களூரு வந்தால், விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும் பெல்லாரி சாலையைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். காசநோய்க்கு எதிரான சண்டையில் முக்கியமான இரண்டு இடங்கள் அந்த ஒரே சாலையை ஒட்டி இருந்தன.

ஒன்று, அவலான் என்ற பழைய மாளிகையில் 1959-இல் தொடங்கிய தேசிய காசநோய் நிறுவனம். 1960 செப்டம்பரில் பண்டித நேரு வந்து திறந்து வைத்தார். அதற்குச் சற்று முன், 1956-இல் ஆரம்பித்த ஓர் ஆய்வில், சென்னை சேத்துப்பட்டில் இருந்த காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் உலகத்துக்கே ஒரு புது வழி காட்டியிருந்தது. சானடோரியத்தில் நல்ல சாப்பாடும் ஓய்வும் பெற்றவர்களுக்கும், ஏழைக் குடிசையில் இருந்துகொண்டே மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் ஒரு வருஷத்தில் கிட்டத்தட்ட ஒரே பலன் என்று 1959-இல் வெளியிட்டார்கள். வீட்டில் இருந்ததால் மற்றவர்களுக்குத் தொற்று அதிகமாகவும் இல்லை. சானடோரியங்களின் காலம் அதோடு முடிந்தது. அந்த வழியை ஜில்லா தோறும் எப்படி நடத்துவது என்ற திட்டத்தை வகுத்தது பெங்களூரு நிறுவனம்தான். தும்கூர் ஜில்லா கிராமங்களில் பானர்ஜி, ஆண்டர்ஸன் என்ற இருவர் செய்த ஆய்வு 1963-இல் வெளியாயிற்று. சளியில் கிருமி உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏற்கெனவே ஏதோ ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருந்தார்கள். அவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தது ஒரு பாட்டில் இருமல் மருந்து. கிராமத்து ஜனங்கள் அறியாமையால் வைத்தியத்துக்கு வருவதில்லை என்று மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்த எங்களைப் போன்றவர்களுக்கு அது நல்ல சூடு.

பெல்லாரி சாலைக்கு அதிக தூரத்தில் இல்லாத இந்திய விஞ்ஞானக் கழகத்தையும் (நாம் டாடா இன்ஸ்டிட்யூட் என்றே சொல்லிப் பழகிவிட்டோம்) விட்டுவிடக் கூடாது. அங்கே பேராசிரியர் டி. ராமகிருஷ்ணனும் கே.பி. கோபிநாதன் முதலானோரும் இந்தக் கிருமி எதைச் சாப்பிடுகிறது, எப்படிச் சக்தி பெறுகிறது, ஐஸோநியாஸிட் அதை எப்படித் தாக்குகிறது என்றெல்லாம் பல வருஷம் ஆராய்ந்தார்கள். 1972-இல் அவர்கள் எழுதிய கட்டுரை பல நாட்டு ஆய்வாளர்களுக்கு ஆதாரமாக இருந்தது. எதிரியின் சமையலறை தெரியாமல் அவனைப் பட்டினி போட முடியாது.

இரண்டாவது இடம் ஹெப்பாள். 1987-இல் ஸ்வீடன் நாட்டு அஸ்ட்ரா நிறுவனத்தின் ஆதரவில் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி மையம் ஏற்பட்டது. அதன் முதல் இயக்குநர் ஜே. ராமச்சந்திரன். 1999-இல் அஸ்ட்ராஸெனிகா என்று ஆன பிறகு, 2003-இல் ஹெப்பாளில் காசநோய் மருந்து ஆராய்ச்சிக்கென்றே ஒரு புதிய கூடம் திறந்தார்கள். ஒரு பன்னாட்டுக் கம்பெனி ஏழைகளின் வியாதிக்கு, அதுவும் இந்தியாவில், முழு நேர ஆய்வுக்கூடம் வைத்தது அப்போது பெரிய செய்தி.

அங்கே என்ன செய்தார்கள்? கிருமியின் சுவர் மெழுகு பூசினது என்றேன் அல்லவா? அந்தச் சுவரைக் கட்ட ஒருவகைச் சர்க்கரை வேண்டும். சுண்ணாம்புச் சாந்து மாதிரி. அந்தச் சர்க்கரையைத் தயார் செய்யும் ஒரு நொதிக்கு டி.பி.ஆர்.இ-1 என்று பெயர். அதை நிறுத்திவிட்டால் சுவர் எழும்பாது, கிருமி பொலபொலவென்று வெடித்துவிடும். மனித உடம்பில் இந்த நொதி கிடையாது. இன்னொரு சௌகரியம், இது கிருமியின் உள்ளறையில் இல்லை. உட்சுவருக்கு வெளியே, திண்ணையில் உட்கார்ந்திருக்கிறமாதிரி. மருந்து உள்ளே நுழைந்து தேட வேண்டாம். 2009-இல் ஸ்டூவர்ட் கோல் என்பவரின் குழு இந்த நொதியைத் தாக்கும் ஒருவகைப் பொருளை வெளியிட்டது. அது நொதியோடு ரசாயனப் பிணைப்பால் ஒட்டிக்கொண்டு விடும். பூட்டுக்குள்ளே சாவியை உடைத்து விட்டமாதிரி. ஹெப்பாள் ஆய்வாளர்கள் வேறு வழியில் போய், அஸாஇண்டோல் என்ற வகைப் பொருளைச் செய்தார்கள். இது ஒட்டிக்கொள்ளாது. வாசலை மறித்துக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். ஆனால் உறுதியாக நிற்கும். 2013-இல் இதன் விவரம் வெளியாயிற்று.

படிக்க இரண்டு வரி. செய்யப் பல வருஷம். முதலில் ஒரு பொருள் கிருமியைக் கொல்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தக் கிருமி ஒரு நாளுக்கு ஒரு முறைதான் இரண்டாகும் என்பதால் சாதாரணக் கிருமிக்கு மறுநாள் தெரியும் விடை இதற்கு வாரக்கணக்கில் தெரியும். காற்று வெளியே கசியாத, உள்ளிழுக்கும் அறைகளில், உடம்பு முழுக்க மூடிக்கொண்டு வேலை. கொன்றாலும் போதாது, வயிற்றில் கரைய வேண்டும், ரத்தத்தில் நிற்க வேண்டும், கல்லீரலைக் கெடுக்கக் கூடாது, ரிஃபாம்பிசினோடும் எய்ட்ஸ் மருந்துகளோடும் சண்டை போடக் கூடாது. ஒரு மூலக்கூறில் ஓர் அணுவை மாற்றினால் கரைதிறன் கூடும், வீரியம் குறையும். இன்னோர் அணுவை மாற்றினால் நேர்மாறு. அகத்தில் ரசம் வைக்கும்போது உப்பு கூடிவிட்டது என்று தண்ணீர் விட்டால் புளிப்பு போய்விடும் இல்லையா, கிட்டத்தட்ட அதே அவஸ்தை. பிறகு எலி, பிறகு மனிதர்.

2014 ஜனவரியில் கம்பெனி பெங்களூரு ஆராய்ச்சி மையத்தை மூடுவதாக அறிவித்தது. 150-க்கும் மேற்பட்ட வேலைகள் போயின. காசநோய், மலேரியா போன்ற வியாதிகளுக்கு ஆரம்பக் கட்ட ஆராய்ச்சியிலிருந்து விலகுவதாகச் சொன்னார்கள். கம்பெனியைத் திட்டுவது சுலபம். ஆறு மாதம் சாப்பிட்டுக் குணமாகிவிடும் ஏழையின் வியாதியில் என்ன லாபம்? ஜன்மம் முழுக்கச் சாப்பிடும் ரத்த அழுத்த மாத்திரைக்கு, நாம் இத்தனை பேர் இங்கே வாடிக்கையாளர்களாக உட்கார்ந்திருக்கிறோம். லாபம் இல்லாத இடத்தில் அரசாங்கம் நிற்க வேண்டும். நாங்கள் போதுமான அளவுக்கு நின்றோம் என்று ஓய்வு பெற்ற அரசு ஊழியனாகிய என்னால் சொல்ல முடியவில்லை.

ஆனால் அந்த அஸாஇண்டோல் சாகவில்லை. டி.பி.ஏ.-7371 என்ற எண்ணோடு, டி.பி. அலையன்ஸ் என்ற லாப நோக்கமில்லாத அமைப்பு அதை எடுத்துக்கொண்டு, ஆரோக்கியமான மனிதர்களுக்குக் கொடுத்துச் சோதித்தது. பிறகு கேட்ஸ் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் தென்னாப்பிரிக்காவில் நோயாளிகளுக்கு இரண்டு வாரம் கொடுத்துப் பார்க்கும் ஆய்வை நடத்தியது. ஹெப்பாளில் வேலை செய்த விஞ்ஞானிகள் சிலர் பெங்களூரிலேயே, புறக்கணிக்கப்பட்ட நோய்களுக்கான ஆராய்ச்சி அறக்கட்டளை ஒன்றை அமைத்துத் தொடர்ந்து உழைத்து வருகிறார்கள். மாத்திரை இன்னும் மருந்துக்கடைக்கு வரவில்லை. வருமா என்று உறுதியும் சொல்ல முடியாது. மனிதர்களிடம் சோதிக்கும் கட்டம் வரை வந்த பிறகும் நின்றுபோகும் மருந்துகளே அதிகம்.

கடைக்கு வந்துவிட்ட ஒன்றைச் சொல்கிறேன். பெல்ஜியத்தில் ஜான்ஸன் கம்பெனியில் கோன் ஆண்ட்ரீஸ் என்பவரின் குழு, பெடாக்விலின் என்ற மருந்தை 2005-இல் அறிவித்தது. கிருமி தன் சக்தியைத் தயாரிக்கும் யந்திரத்தையே நிறுத்துகிறது அது. தூங்கும் கிருமிக்கும் கொஞ்சம் சக்தி வேண்டும் அல்லவா, ஆகவே அதையும் பிடிக்கும். 2012 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. காசநோய்க்குப் புது வகை மருந்து வந்து அப்போது நாற்பது வருஷம் ஆகியிருந்தது. இந்தியாவில் 2016-இல் ஆறு மையங்களில் மட்டும் கொடுக்க ஆரம்பித்தார்கள். பாட்னாவைச் சேர்ந்த பதினெட்டு வயதுப் பெண் ஒருத்திக்கு டெல்லியில் அந்த மருந்தை மறுத்தார்கள். சொன்ன காரணங்களில் ஒன்று, அவள் டெல்லிவாசி அல்ல என்பது. தகப்பனார் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய் 2017 ஜனவரியில் மருந்தைப் பெற்றார். அதற்குள் நோய் முற்றிவிட்டது. 2018-இல் அவள் இறந்து போனாள். இருப்பிடச் சான்றிதழ் இல்லை என்று எத்தனை மனுக்களை நானே என் கையால் திருப்பி அனுப்பியிருப்பேன்! அந்தச் செய்தியைப் படித்த அன்று சாப்பாடு இறங்கவில்லை.

விலைக்கும் ஒரு கதை உண்டு. பெடாக்விலினின் மூல காப்புரிமை 2023 ஜூலையில் முடிய இருந்தது. அதன் ஓர் உப்பு வடிவத்துக்குத் தனியாகக் காப்புரிமை கேட்டு 2027 வரை நீட்டிக்கக் கம்பெனி விண்ணப்பித்தது. மும்பைப் பத்திரிகையாளர் நந்திதா வெங்கடேசனும், தென்னாப்பிரிக்காவின் பூமேஸா டிஸிலேயும் அதை எதிர்த்து மனுச் செய்தார்கள். இருவருமே காசநோயிலிருந்து பிழைத்தவர்கள். இருவருமே பழைய மருந்துகளால் காது கேட்கும் சக்தியை இழந்தவர்கள். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் கம்பெனியின் விண்ணப்பத்தை நிராகரித்தது. நம் நாட்டுக் கம்பெனிகளும் தயாரிக்க வழி திறந்தது.

காது என்றதும் என் மருமாளிடம் திரும்ப வர வேண்டும்.

கல்யாணமாகிப் பதினாலு மாதத்தில் இருமல் திரும்ப வந்தது. இந்தத் தடவை ரத்தத்தோடு. ஒரு தனியார் மருத்துவமனையில், பழைய மருந்துகளோடு புதிதாக ஒரே ஒரு மருந்தைச் சேர்த்துச் சில மாதம் ஓட்டினார்கள். இப்படி ஒவ்வொன்றாகச் சேர்க்கவே கூடாது என்று பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 2011-இல் சளியை வளர்த்துப் பார்த்தபோது ஐஸோநியாஸிட், ரிஃபாம்பிசின் இரண்டுக்கும் கிருமி அடங்கவில்லை. பிறகு இரண்டு வருஷச் சிகிச்சை. அந்தக் காலத்து முழுச் சிகிச்சையில் ஒரு நோயாளி விழுங்க வேண்டிய மாத்திரைகளைச் சுமார் 14,000 என்று கணக்குச் சொல்வார்கள். அதோடு மாதக்கணக்கில் தினமும் கானமைசின் ஊசி. நாலாவது மாதம், காதுக்குள் சில்வண்டு கத்துகிறது என்றாள். ஐந்தாவது மாதம், குக்கர் விசில் கேட்கவில்லை என்றாள். ஊசியை நிறுத்துவதற்குள் இரண்டு காதும் போய்விட்டன.

எங்கள் அக்கா எதற்குப் பயந்தாளோ அந்தப் புக்ககத்தையும் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை. மாமியார், எங்கள் அக்காவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “நிச்சயதார்த்தத்து அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருந்தா, வேளாவேளைக்கு நானே மாத்திரையை எடுத்துக் குடுத்திருப்பேனே மாமி?” அக்கா பதில் சொல்லவில்லை. நானும் அந்த அறையில்தான் இருந்தேன்.

இன்றைக்கு நிலைமை வேறு. கானமைசினை இனிக் கொடுக்க வேண்டாம் என்று 2018-லேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லத் தொடங்கிவிட்டது. பெடாக்விலின், ப்ரெட்டோமானிட், லினிஸோலிட் மூன்றையும் சேர்த்து, ஊசியே இல்லாமல் ஆறு மாதம். தென்னாப்பிரிக்காவில் 109 கடுமையான நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் ஏறக்குறைய நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தேறினார்கள். லினிஸோலிடால் கைகால் மரத்துப்போவது, ரத்த அணுக்கள் குறைவது போன்ற உபத்திரவம் பலருக்கு வந்தது; அதன் அளவைப் பிறகு குறைத்தார்கள். இத்தோடு மாக்ஸிஃப்ளாக்ஸசினையும் சேர்த்த முறைக்கு நம் மத்திய சுகாதார அமைச்சகம் 2024 செப்டம்பரில் அனுமதி அளித்தது. கிருமி அடங்குமா என்று தெரிந்துகொள்ள வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். சில மணி நேரத்தில் சொல்லும் கருவிகள் வந்துவிட்டன. அவற்றில் பாட்டரியிலேயே ஓடும் ட்ரூநாட் என்ற கருவியை உருவாக்கியது இதே பெங்களூரில் உள்ள பிக்டெக் ஆய்வுக்கூடம். டாடா இன்ஸ்டிட்யூட்டில் அமித் ஸிங் குழுவினர், மலேரியா மாத்திரையான க்ளோரோக்வினை வழக்கமான மருந்துகளோடு சேர்த்தால் எலிகளில் கிருமி சீக்கிரம் ஒழிகிறது என்று 2019-இல் காட்டினார்கள். எலிக்கு ஆனது மனிதனுக்கு ஆகுமா என்பது தனி. யாரும் இன்றைக்குப் போய் க்ளோரோக்வின் வாங்கிவிடாதீர்கள். என்னைப்போல சயின்ஸ் படித்த மாமா ஒருவர் எல்லா அகத்திலும் இருக்கிறார். அவரிடம் கேட்டும் வாங்காதீர்கள்.

கேள்வி நேரத்தில் வழக்கமாக வரும் இரண்டு சந்தேகங்களுக்கு இப்போதே பதில். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளலாம். அரசு மையங்களில் இலவசம். மருந்தும் இலவசம், 2024 நவம்பரிலிருந்து போஷாக்குக்காக மாதம் ஆயிரம் ரூபாயும் வங்கிக் கணக்கில் போடுகிறார்கள். நமக்கு அது தேவையில்லை என்று நினைப்பவர்களும் அங்கே பெயரைப் பதிவு செய்தாக வேண்டும். 2012 முதல் சட்டப்படி இது அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய், தனியார் டாக்டராக இருந்தாலும். இன்னொன்று, சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். இதைச் சொன்னவுடன் முன் வரிசையில் நாலு பேர் மைசூர்பாகுத் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைப்பது தெரிகிறது.

இந்த உரையை எழுத்தில் பத்திரிகைக்குக் கொடுக்க வேண்டும் என்று வற்புறுத்தியவள் என் மருமாள்தான். இன்று அவள் இரண்டாவது வரிசையில் அகத்துக்காரரோடு உட்கார்ந்திருக்கிறாள். நான் பேசியதில் உதட்டைப் பார்த்துப் பாதிதான் புரிந்திருக்கும். மீதியை அடுத்த இதழில் படித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். மாத்திரையை நிறுத்தச் சொன்னது யார் என்பதையும் விடாமல் எழுதுங்கள் மாமா என்றாள். எழுதிவிட்டேன்.